கோல்பர்க்கின் ஏணியும் மகாத் குளமும்

பி.எட். படித்தவர்களுக்கு லாரன்ஸ் கோல்பர்க் புதியவர் அல்ல. ஒழுக்க வளர்ச்சிக்கு மூன்று மட்டங்கள், ஆறு நிலைகள். டெட் தேர்வுக்கு மனப்பாடம் செய்கிறோம், எழுதிவிட்டு மறக்கிறோம். அந்த ஏணியை நம் வரலாற்றின் மீது சாத்திப் பார்த்தால் என்ன தெரியும்?

கோல்பர்க் 1927இல் அமெரிக்காவில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போருக்குப் பின், நாஜிகளிடமிருந்து உயிர் தப்பிய யூத அகதிகளைப் பிரிட்டிஷ் தடையை மீறி ஏற்றிச் சென்ற கப்பலில் வேலை பார்த்தார். பிடிபட்டு சைப்ரஸ் முகாமில் அடைக்கப்பட்டார். சட்டத்தை மீறுவது எப்போது நியாயமாகும் என்பது அவருக்கு ஏட்டுக் கேள்வி அல்ல.

1958இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் ஆய்வை முடித்தார். 10 முதல் 16 வயது வரையிலான 72 சிறுவர்களிடம் கதைகள் சொல்லிக் கேள்வி கேட்டார். மனைவி சாகக் கிடக்கிறாள், மருந்துக்காரன் அநியாய விலை சொல்கிறான், கணவன் திருடலாமா? கூடும், கூடாது என்ற பதிலை அவர் பார்க்கவில்லை. சொன்ன காரணத்தைப் பார்த்தார். தண்டனைக்குப் பயப்படுவது முதல் நிலை. தனக்கு என்ன லாபம் என்பது இரண்டாவது. நாலு பேர் மெச்ச நடப்பது மூன்றாவது. சட்டம் ஒழுங்கு நான்காவது. சட்டம் மனிதர்களுக்காக மனிதர்கள் செய்துகொண்ட ஒப்பந்தம், மாற்றலாம் என்பது ஐந்தாவது. எல்லோருக்கும் பொதுவான நீதி ஆறாவது.

கோல்பர்க் பிறந்த அதே 1927இல்தான் மகாத் போராட்டம். பொதுக் குளங்களைத் தீண்டப்படாதாருக்குத் திறக்க வேண்டும் என்று 1923இலேயே பம்பாய் சட்டமன்றம் தீர்மானம் போட்டிருந்தது. மகாத் நகராட்சியும் 1924இல் சவதார் குளத்தைத் திறப்பதாக அறிவித்தது. எல்லாம் காகிதத்தில். மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் சென்று அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். சாதி இந்துக்கள் அடித்தார்கள். பிறகு சாணமும் கோமியமும் கலந்து ஊற்றிக் குளத்தைச் "சுத்தம்" செய்தார்கள். அடித்தவர்கள் தங்களைக் கெட்டவர்களாக நினைக்கவில்லை. தங்கள் தெருவுக்கு அவர்கள் நல்ல பிள்ளைகள். அதுதான் மூன்றாவது நிலை.

டிசம்பரில் இரண்டாவது மாநாடு. குளத்துக்குப் போகக் கூடாது என்று நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்திருந்தது. சிறை செல்லவும் மக்கள் தயாராக இருந்தார்கள். அம்பேத்கர் தடையை மீறவில்லை, வழக்காடினார். 1937இல் பம்பாய் உயர்நீதிமன்றம் நம் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால் அதே மாநாட்டில், டிசம்பர் 25 அன்று, மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. தீர்மானத்தை முன்மொழிந்த சகஸ்ரபுத்தே பிறப்பால் பிராமணர். ஒரு சட்டத்தோடு வாதாடினார், இன்னொன்றை எரித்தார். ஏன்? ஒன்றைக் கேள்வி கேட்டு மாற்ற முடியும். மற்றது பிறப்பிலேயே மனிதனுக்கு விலை வைத்தது. ஐந்தாவது, ஆறாவது நிலைகளை மாணவருக்கு விளக்க இதைவிட நல்ல பாடம் உண்டா?

கோல்பர்க்கே ஏணியின் உச்சிக்கு எடுத்துக்காட்டாக மார்ட்டின் லூதர் கிங்கைச் சொன்னார். ஒடுக்கப்பட்டவர்களின் போராட்டத்தில்தான் அவருக்கும் அது கிடைத்தது.

ஏணியில் ஓட்டை இல்லாமல் இல்லை. முதல் ஆய்வில் ஒரு சிறுமிகூட இல்லை. கரோல் கில்லிகன் 1982இல் இதைக் கடுமையாக விமர்சித்தார். இன்னொன்று, சொல்வது வேறு, செய்வது வேறு. தேர்வில் ஆறாவது நிலையை அழகாக எழுதிய ஆசிரியரே, கழிப்பறை கழுவச் சேரிப் பிள்ளையைத் தேடலாம்.

கோல்பர்க்குக்கும் இது தெரிந்திருந்தது. 1974இல் மாசசூசெட்ஸ் மாநிலம் கேம்பிரிட்ஜில் அவர் துணையோடு தொடங்கிய பள்ளியில் ஆசிரியருக்கும் ஒரு ஓட்டு, மாணவருக்கும் ஒரு ஓட்டு. விதிகளைச் சேர்ந்தே வகுத்தார்கள். நீதியைப் போதித்தால் போதாது, வகுப்பறையில் வாழ்ந்து பழக வேண்டும் என்பதே அதன் பொருள். அரசியல் சட்ட ஒழுக்கம் தானாக வருவதல்ல, வளர்த்தெடுக்க வேண்டியது என்று 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் சொன்னதும் இதையே.

ஆசிரியத் தோழர்களே, கோல்பர்க் பாடம் வரும் நாளில் மருந்துக் கதையோடு மகாத்தையும் சொல்லுங்கள். குளத்தில் இறங்கியவர், அடித்தவர், வேடிக்கை பார்த்தவர் என ஒவ்வொருவரும் எந்த நிலையில் நின்றார்கள் என்று கேளுங்கள். பிறகு, நம் பள்ளியின் தண்ணீர்க் குழாயடியில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று கேளுங்கள்.