விசாரணையும் வைத்தியமும்

1974 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 6 ஆம் நாள் அமெரிக்காவின் தலைநகராகிய வாஷிங்டனிலே இரு காரியங்கள் நிகழ்ந்தன. ஜனாதிபதி றிச்சர்ட் நிக்சன், நாட்டு மக்கள் அனைவரும் வைத்தியக் காப்புறுதி பெறத்தக்க திட்டமொன்றைக் காங்கிரசுக்கு அனுப்பிவைத்தார். அதே நாளில் அக்காங்கிரசின் ஓர் அங்கமாகிய பிரதிநிதிகள் சபை, அவரைப் பதவியினின்று நீக்குவதற்குப் போதிய காரணம் உண்டா என விசாரிக்கும் அதிகாரத்தைத் தன் நீதிக்குழுவுக்கு வழங்கிற்று. ஆதரவாக விழுந்தவை 410 வாக்குகள். எதிராக விழுந்தவை நான்கே.

ஒன்று நோயாளரின் நலம் பற்றியது. மற்றது ஆள்வோரின் நேர்மை பற்றியது. கட்சிப் பூசல் இரண்டிலும் கலந்திருந்தது. எனினும், ஆறு மாதத்துள் விசாரணை தன் முடிவை எய்தியது. ஜனாதிபதி பதவி துறந்தார். வைத்தியத் திட்டமோ குழுவின் மேசையைத் தாண்டவில்லை. வாட்டர்கேட் விவகாரமே அத்திட்டத்தை விழுங்கிற்று என்று கூறுவாருளர். அக்கூற்றில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மை இல்லை. எஞ்சிய உண்மை எங்கே உள்ளது என்பதே இப்பேச்சின் பொருளாகும்.

அரசாங்க வைத்தியசாலையிற் கட்டணமின்றிச் சிகிச்சை பெற்றுப் பழகிய நம் நேயர்களுக்கு அமெரிக்க நடைமுறை சற்றுப் புதுமையாகத் தோன்றலாம். அங்கே உழைக்கும் வயதினரின் வைத்தியச் செலவைப் பெரும்பாலும் ஏற்பது தனியார் காப்புறுதி. பலருக்கு அது வேலையோடு வருவது. வேலை போனால் அதுவும் போய்விடும். 65 வயதைக் கடந்தோருக்கும் வறியோருக்கும் உரிய அரசாங்கத் திட்டங்கள், ஜனாதிபதி ஜோன்சன் காலத்தில், 1965 ஆம் ஆண்டிலே சட்டமாயின. இவ்விரு வகுப்பிலும் சேராது இடையே நின்றவர் பலர். சிறு கடைகளில் வேலை செய்தோர், பருவத் தொழிலாளர், வேலையிழந்தோர் ஆகியோர்க்கு எந்தப் பாதுகாப்பும் கிடைப்பது அரிதாயிருந்தது. காப்புறுதி இல்லாதோர் தொகை 2 கோடியே 50 இலட்சம் என்று நிக்சன் தம் செய்தியிலேயே குறிப்பிட்டார். அத்தகைய குடும்பமொன்றிற் பெருநோய் புகுந்தால், நோய் தீர்ந்த பின்னரும் கடன் தீராது.

இக்குறை நீங்க வேண்டும் என்பதை இரு கட்சியிலும் பலர் ஒப்பினர், வழியிலேதான் வேறுபட்டனர். ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த செனற்றர் எட்வேர்ட் கென்னடி, வரிப் பணத்தைக் கொண்டு மத்திய அரசாங்கமே நடத்தும் பொதுக் காப்புறுதியை வேண்டினார். பெருந் தொழிற்சங்கங்கள் அவர் பின்னே நின்றன. குடியரசுக் கட்சியினரான நிக்சன், 1971 பெப்ரவரியிலே தமது முதலாவது திட்டத்தை வெளியிட்டார். தனியார் காப்புறுதியை அழியாது வைத்து, தொழிலாளர்க்கு அதனை வாங்கிக் கொடுக்கும் கடமையை வேலை கொடுப்போர் மீது சுமத்துவதே அதன் சாரம்.

நோயின் கொடுமை இவ்விருவர்க்கும் ஏட்டறிவு அன்று. நிக்சனின் தமையனார் ஹரல்ட் 1933 ஆம் ஆண்டிற் சயரோகத்தால் இறந்தவர். கென்னடியின் மகனோ, 1973 நவம்பரில், புற்றுநோயின் காரணமாகத் தன் கால்களுள் ஒன்றை இழந்தான். அரசியலில் எதிரெதிர் நின்ற இருவரும் நோயாளியின் படுக்கையருகே நின்றறிந்தவர்கள்.

இனி விசாரணையின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1972 ஜூன் 17 ஆம் நாள், வாட்டர்கேட் எனும் கட்டடத்திலிருந்த ஜனநாயகக் கட்சி அலுவலகத்துட் புகுந்த ஐவர் பிடிபட்டனர். அவ்வாண்டு நவம்பரில் நிக்சன் 50 மாநிலங்களுள் 49 இல் வென்று மீண்டும் ஜனாதிபதியானார். ஆயினும், அந்த ஐவரை ஏவியவர் யார், அச்செயலை மறைக்க முயன்றவர் யார் என்ற வினாக்கள் ஓயவில்லை. 1973 பெப்ரவரி 7 இல், செனற் சபை 77 வாக்குகளால், எதிர்வாக்கு ஒன்றேனும் இன்றி, தனி விசாரணைக்குழுவொன்றை அமைத்தது. அதன் தலைவர் ஜனநாயகக் கட்சியினரான சாம் ஏர்வின். உபதலைவர் குடியரசுக் கட்சியினரான ஹவார்ட் பேக்கர். ஜனாதிபதி எதனை அறிந்திருந்தார், எப்பொழுது அறிந்திருந்தார் என்று பேக்கர் எழுப்பிய வினா விசாரணை முழுவதற்கும் அச்சாணியாயிற்று. அவ்வாண்டு ஜூலையில், வெள்ளை மாளிகை உரையாடல்கள் ஒலிநாடாவிற் பதிவாகி வந்தன என்ற செய்தி வெளிப்பட்டது. அன்று தொடங்கி வாதம் அந்நாடாக்களைச் சுற்றியே சுழன்றது.

அந்நாடாக்களைக் கேட்டு நின்ற விசேட வழக்குத்தொடுநரை நீக்குமாறு ஒக்டோபர் 20 இல் நிக்சன் ஆணையிட்டார். அதனை நிறைவேற்ற மறுத்துச் சட்டமா அதிபர் எலியற் றிச்சர்ட்சன் பதவி துறந்தார். இந்த றிச்சர்ட்சன், 1970 முதல் 1973 வரை நிக்சனின் மந்திரிசபையிலே சுகாதாரத்துக்குப் பொறுப்பாயிருந்தவர். 1971 ஆம் ஆண்டின் காப்புறுதித் திட்டம் வெளியானது அவர் காலத்திலேயாகும். விசாரணையும் வைத்தியமும் ஒரே மனிதரின் வாழ்வில் இவ்வாறு சந்தித்தன.

இப்படிப்பட்ட சூழலிலேதான் நிக்சனின் இரண்டாம் திட்டம் 1974 பெப்ரவரியில் வந்தது. அது முந்தியதிலும் விரிவானது. காப்புறுதிக் கட்டணத்தில் முதல் மூன்றாண்டுகளுக்கு நூற்றுக்கு 65 பங்கையும், பின்னர் 75 பங்கையும் வேலை கொடுப்போர் ஏற்க வேண்டும். வருவாய் குறைந்தோர்க்கும் வேலையற்றோர்க்கும் அரசாங்கம் உதவும். காப்புறுதிக்கு உட்பட்ட சிகிச்சைக்காக எந்தக் குடும்பமும் ஓராண்டில் 1,500 டொலருக்கு மேற் கைப்பணம் செலவிட நேராது.

கென்னடியும் தம் பழைய நிலையினின்று இறங்கி வந்தார். 1974 ஏப்ரலில் அவர் வில்பர் மில்ஸ் என்பாரோடு கூடி வேறொரு மசோதாவைக் கொணர்ந்தார். மில்ஸ், 1958 முதல் பிரதிநிதிகள் சபையின் வரிக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர். அவர் சம்மதியாத வைத்திய மசோதா எதுவும் அச்சபையைக் கடப்பது அரிது. இப்புதிய மசோதாவிலே தனியார் காப்புறுதிக் கம்பனிகளுக்கும் இடம் அளிக்கப்பட்டது. நோயாளரும் செலவில் ஒரு பகுதியைச் செலுத்த வேண்டியிருந்தது. ஒரு குடும்பத்தின் செலவுக்கு எல்லை 1,000 டொலர். முக்கியமாகப் பெருநோய்ச் செலவை ஏற்கும் மூன்றாவது மசோதாவொன்றைச் செனற்றர்கள் லோங், றிபிக்கொவ் ஆகிய இருவரும் முன்னரே வைத்திருந்தனர்.

ஆகவே, மூன்று திட்டங்கள் ஒரே வேளையிற் காங்கிரசின் முன் நின்றன. அவற்றுள் நிக்சன் திட்டத்துக்கும் கென்னடி திட்டத்துக்கும் இடையே இருந்த தூரம் வெகு குறைவு. பணம் வரியாக வருவதா, காப்புறுதிக் கட்டணமாக வருவதா? எல்லை 1,500 டொலரா, 1,000 டொலரா? சந்தையிலே விலை பேசும் இருவர் இத்தனை அருகில் வந்துவிட்டாற் பேரம் படிந்துவிடும் என்றே பார்ப்போர் எண்ணுவர்.

பேரம் படியவில்லை. கென்னடி கீழிறங்கியதைத் தொழிற்சங்கத் தலைவர்கள் விரும்பவில்லை. வாட்டர்கேட் விவகாரத்தாற் குடியரசுக் கட்சி நலிந்துவிட்டது. நவம்பர்த் தேர்தலில் ஜனநாயகக் கட்சிக்குப் பெருவெற்றி கிட்டும். ஜனாதிபதியின் தடையையும் வெல்லத்தக்க பெரும்பான்மை அமையும். அப்பொழுது முழுத் திட்டத்தையும் பெறலாம். இப்பொழுது பாதியை ஏற்பானேன் என்பதே அவர்கள் கணக்கு. மறுபுறத்திலே, அரசாங்கத்தின் கை வைத்தியத் துறையில் நீளுதலையே விரும்பாத குடியரசுக் கட்சியினர், தம் ஜனாதிபதியின் திட்டத்தையே ஐயத்தோடு நோக்கினர். காத்திருந்தால் இலாபம் என்று ஒரு சாரார் எண்ணினர்; காத்திருந்தால் மசோதா தானே மடியும் என்று மறு சாரார் எண்ணினர். இரு கணக்கும் தாமதத்தையே விடையாகத் தந்தன.

இதற்கிடையே விசாரணை முதிர்ந்தது. ஜூலை 24 இல் நாட்டின் அதியுயர் நீதிமன்றம், ஒலிநாடாக்களை ஒப்படைக்க வேண்டும் என்று நீதியரசர் எண்மரின் ஒருமித்த தீர்ப்பை வழங்கியது. ஜூலை 27 இல் நீதிக்குழு முதலாவது குற்றப்பிரிவை 27 க்கு 11 என்ற வாக்குகளால் நிறைவேற்றியது. ஆதரித்தவருள் அறுவர் நிக்சனின் சொந்தக் கட்சியினர். அவர்களுள் ஒருவராகிய மேரிலாந்துப் பிரதிநிதி லோறன்ஸ் ஹோகன், நிறைவேறிய மூன்று குற்றப்பிரிவுகளையும் ஆதரித்தார். அவ்வாண்டு மாநில ஆளுநர் பதவியை நாடிய அவரைச் சொந்தக் கட்சியினர் வேட்பாளராகத் தெரிவு செய்யவில்லை. ஓகஸ்ட் 5 இல் வெளியான நாடா, விசாரணையைத் தடுக்க நிக்சன் முயன்றதை அவர் குரலிலேயே காட்டியது. ஓகஸ்ட் 9 இல் அவர் வெள்ளை மாளிகையை விட்டு வெளியேறினார்.

நேயர்கள் இங்கே ஒன்றைக் கருத வேண்டும். வாட்டர்கேட் மட்டுமே தடையாயிருந்திருப்பின், தடை நீங்கியதும் வழி திறந்திருக்க வேண்டுமன்றோ? புதிய ஜனாதிபதி ஜெரால்ட் ஃபோர்ட், ஓகஸ்ட் 12 இல் காங்கிரசின் முன் தோன்றிய முதல் உரையிலேயே, அவ்வாண்டு முடியுமுன் நல்லதொரு சுகாதாரச் சட்டத்தை ஆக்கித் தருமாறு வேண்டினார். மில்சும் உடனே தம் குழுவைக் கூட்டினார். சமரசத் திட்டமொன்று 13 க்கு 12 என்ற வாக்குகளால் மயிரிழையில் தப்பியது. இத்துணைச் சிறு பெரும்பான்மையைக் கொண்டு மசோதாவைச் சபைக்கு எடுத்துச் செல்லேன் என்று மில்ஸ் வேலையை நிறுத்தினார். விசாரணை முடிந்து இரு வாரமும் ஆகவில்லை. வைத்தியத் திட்டமும் முடிந்துவிட்டது. ஆனால் விசாரணையால் அன்று, கட்சிகளின் கணக்கால்.

அக்கணக்கு பலித்ததா? ஒக்டோபரில் ஏற்பட்ட ஓர் அவதூற்றினால் மில்சின் செல்வாக்குச் சரிந்தது. டிசம்பரிலே தம் தலைமைப் பதவியையும் துறந்தார். நவம்பரில் ஜனநாயகக் கட்சி, எதிர்பார்த்தபடியே, பிரதிநிதிகள் சபையில் 49 ஆசனங்களை மேலதிகமாகப் பெற்றது. ஆனால் விலைவாசி உயர்வும் வேலையின்மையும் நாட்டை நெருக்கின. 1975 ஜனவரியில் ஃபோர்ட், புதிய செலவுத் திட்டங்களுக்கு இடமில்லை என்று அறிவித்துவிட்டார். வெற்றி வந்தது, வெற்றியாற் பெற எண்ணிய பொருள் வரவில்லை.

அதன்பின் 36 ஆண்டுகள் சென்றன. 2010 மார்ச்சில் ஜனாதிபதி ஒபாமா காலத்திலே காப்புறுதியை விரிவுபடுத்தும் சட்டம் நிறைவேறியது. பெரிய நிறுவனங்களுக்குக் கடமை, வருவாய் குறைந்தோர்க்கு உதவி, தனியார் காப்புறுதிக்கு இடம் என்ற அதன் அமைப்புப் பல வகையில் நிக்சனின் திட்டத்தை நினைவூட்டுவது. அச்சட்டத்துக்குப் பிரதிநிதிகள் சபையிற் கிடைத்தவை 219 வாக்குகள், எதிர்த்தவை 212. ஆதரித்தவருள் நிக்சனின் கட்சியினர் ஒருவரேனும் இலர். அதற்கு முந்திய ஆண்டு ஓகஸ்டிலே கென்னடி காலமாகிவிட்டார். அதன் பின்னரும் அந்நாட்டிற் பல இலட்சம் மக்கள் காப்புறுதியின்றியே வாழ்கின்றனர்.

சொந்தக் கட்சித் தலைவனைக் குற்றவாளியெனக் கூறுதல் அரசியல்வாதிக்கு எளிதன்று. அதனைச் செய்தற்கு 1974 இல் ஆட்கள் இருந்தனர். ஏறத்தாழ உடன்பாடாகிவிட்ட ஒரு நலத்தை நிறைவேற்றுதல் அதனினும் எளிது. அதனைச் செய்தற்கு ஆட்கள் போதவில்லை. இம்முரணுக்குக் காரணம் யாது? விசாரணைக்குச் சான்று இருந்தது. சான்றின் முன் ஒவ்வோர் உறுப்பினரும் தம் பெயரைச் சொல்லி, ஆம் என்றோ இல்லை என்றோ கூறியே ஆகவேண்டியிருந்தது. வைத்தியத் திட்டத்திலோ பலர் இல்லை என்று கூறவில்லை. பிறகு பார்ப்போம் என்றே கூறினர். காப்புறுதியற்றவனின் துயரம் ஒலிநாடாவிற் பதிவாவதில்லை. அது ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியே, சத்தமின்றி நிகழ்வது. அதனாலேயே அதனை ஒத்திவைத்தல் எவருக்கும் பழியாகத் தோன்றவில்லை.

ஆட்சியாளரை விசாரித்தல் ஜனநாயகத்தின் கடமை. அக்கடமையை அமெரிக்கக் காங்கிரஸ் அன்று நன்றாகவே ஆற்றியது. அதற்காக எவரும் வருந்த வேண்டுவதில்லை. வருந்தத்தக்கது வேறு. அடுத்த தேர்தல் வரை காத்திருக்கக் கட்சிகளால் முடியும். காய்ச்சலோடு கிடக்கும் குழந்தையால் முடியாது. 1974 ஆம் ஆண்டின் கணக்கிலே இந்த வேற்றுமையை எழுதிக்கொள்ள இரு தரப்பினரும் மறந்தனர். அதன் விலையை அவர்கள் அல்லர், நோயாளரே கொடுத்தனர்.