அச்சாணியைச் சோதிப்போர்

மாத்தளை முத்துமாரியம்மன் தேருக்கு வடம் பிடிப்போர் அச்சாணியைச் சோதிப்பதில்லை. சோதித்தவரை நம்பியே இழுக்கின்றனர். வானூர்தியில் ஏறுவோர் நிலையும் அஃதே. அந்நம்பிக்கை முறிந்து, மீண்டும் தழைத்த வரலாறு ஒன்றுண்டு.

உலகின் முதல் ஜெட் பயணி விமானமாகிய கொமெட், 1952இல் இலண்டனிலிருந்து கொழும்புக்கும் பறக்கத் தொடங்கிற்று. 1953 மே 2இல் கல்கத்தாவுக்கு அருகே ஒன்று சிதைந்து வீழ்ந்து 43 பேர் மாண்டனர். பழி புயற்காற்றின்மேல் விழுந்தது. 1954 ஜனவரியில் எல்பாத் தீவருகே மற்றொன்று வீழ்ந்தது. உண்மைக் காரணம் புலப்படுமுன்னரே, சில திருத்தங்களுடன் மார்ச் 23இல் சேவை மீண்டது. பதினாறாம் நாள் இன்னொன்றும் கடலில் வீழ்ந்தது.

பிரித்தானிய அரசு பறப்புத் தகுதிச் சான்றிதழைத் திரும்பப் பெற்றது. பார்ன்பரோ ஆய்வாளர் விமானமொன்றின் உடலை நீர்த்தொட்டியில் அமிழ்த்தி, பறக்கையில் நேரும் அழுத்தத்தை ஆயிரக்கணக்கான முறை ஏற்றியிறக்கினர். திறப்பொன்றின் மூலையில் உடல் பிளந்தது. உலோகச் சோர்வு வெளிப்பட்டது. பகிரங்க விசாரணையில் முடிவுகள் யாவும் உலகறியக் கூறப்பட்டன. டி ஹாவிலண்ட் நிறுவனம் திருத்தியமைத்த கொமெட் 4, 1958 அக்டோபர் 4இல் பயணிகளுடன் அத்திலாந்திக்கைக் கடந்தது.

2018, 2019 ஆண்டுகளில் போயிங் 737 மாக்ஸ் விமானங்கள் இரண்டு வீழ்ந்து 346 பேர் மாண்டபின், அமெரிக்க ஒழுங்குபடுத்துநர் ஒவ்வொரு புதிய மாக்ஸ் விமானத்துக்கும் சான்றிதழ் வழங்கும் பொறுப்பைத் தம்மிடமே எடுத்துக்கொண்டனர். செய்தவரே சோதித்தவராகவும் இருத்தல் போதாதென்பதை உலகம் இருமுறை உயிர்விலை கொடுத்தே கற்றது.