ஒரே கேமை ஆயிரம் தடவை ஆடுவது ஏன்? 'ஸ்பீட்ரன்' வீரர்களின் பயிற்சி ரகசியம்... பழனி படியில இருந்து புரிஞ்சுக்கலாம் வாங்க!

5 நிமிடம்கூட ஆகாத ஒரு ஆட்டம். அதில் அரை விநாடியைக் குறைக்க வருடக்கணக்கில் பயிற்சி. ஜெயிச்சா பெரிய பரிசுப் பணமும் கிடையாது. அப்புறம் எதுக்கு இந்தப் பாடு? உலகம் முழுக்க இளைஞர்களை இழுத்து வைத்திருக்கும் 'ஸ்பீட்ரன்' பற்றி விரிவாகப் பார்க்கலாம்.

ஸ்பீட்ரன் என்றால் என்ன?

ஒரு வீடியோ கேமை ஆரம்பத்தில் இருந்து முடிவு வரை எவ்வளவு சீக்கிரம் முடிக்க முடியும் என்பதுதான் ஸ்பீட்ரன். ஸ்கோர் முக்கியமில்லை. எத்தனை எதிரிகளை அடிச்சீங்க என்பதும் முக்கியமில்லை. கடிகாரம் மட்டும்தான் எதிராளி.

'இதுல என்ன பெரிய விஷயம்?' என்று தோன்றலாம். இதைப் புரிந்துகொள்ள பழனி மலை அடிவாரத்துக்குப் போவோம்.

பழனி மலைக்கு எத்தனை வழி?

பழனி முருகன் கோயிலுக்குப் போக படிப்பாதையில் 693 படிகள். அது இல்லாமல் யானைப் பாதை இருக்கிறது. விஞ்ச் இருக்கிறது. ரோப் காரும் இருக்கிறது. இப்போது 'அடிவாரத்தில் இருந்து மலை உச்சிக்கு யார் சீக்கிரம் போறாங்க?' என்று ஒரு போட்டி வைப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். உடனே சண்டை வரும். 'நான் படியேறி வந்தேன், நீ ரோப் கார்ல வந்துட்டு ஜெயிச்சேன்னு சொல்றியா?' என்று கேட்பார்கள்.

இந்தச் சண்டை வரக் கூடாது என்றுதான் ஸ்பீட்ரன் போட்டிகளைப் பல பிரிவுகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

'எனி பர்சன்ட்' பிரிவு: எந்த வழியில் வேண்டுமானாலும் வரலாம். உச்சியைத் தொட்டால் போதும். ரோப் காருக்கும் அனுமதி உண்டு.

'ஹண்ட்ரட் பர்சன்ட்' பிரிவு: வழியில் இருக்கும் இடும்பன் சன்னதி உட்பட ஒன்றைக்கூட விடாமல் பார்த்துவிட்டுத்தான் மேலே வர வேண்டும். கேமில் என்றால், எல்லா நட்சத்திரம், எல்லா சாவி, எல்லா லெவலையும் முடிக்க வேண்டும்.

'கிளிட்ச்லெஸ்' பிரிவு: படியில் மட்டும்தான் வர வேண்டும். குறுக்கே கம்பியைத் தாண்டக் கூடாது. அதாவது, கேமை உருவாக்கியவர்கள் கவனிக்காமல் விட்ட ஓட்டைகளைப் பயன்படுத்தக் கூடாது.

ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனி ரெக்கார்டு. யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. இது புரிவதற்காகச் சொன்ன உதாரணம்தான். பக்தர்கள் ஏறும் படியில் யாரும் ஓட்டப்பந்தயம் வைத்துவிட வேண்டாம்!

மரியோவில் 32 லெவல்... ஆனா ஆடுறது 8 தான்!

90களில் டிவியில் கேசட் போட்டு ஆடிய மரியோ ஞாபகம் இருக்கிறதா? 1985-ல் வெளியான 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' கேமில் மொத்தம் 32 லெவல்கள். ஆனால் எனி பர்சன்ட் வீரர்கள் ஆடுவது 8 லெவல்களை மட்டும்தான். ரகசியக் குழாய்கள் வழியாக நடுவில் இருப்பதை எல்லாம் தாண்டிவிடுவார்கள்.

2021 ஏப்ரலில் 'நிஃப்ட்ஸ்கி' என்ற பெயரில் ஆடும் அமெரிக்க வீரர் இந்த கேமை 4 நிமிடம் 54.948 விநாடியில் முடித்தார். 4 நிமிடம் 55 விநாடிக்குள் முடித்த முதல் மனிதர் அவர்தான். 2023-ல் அவரே அதை 4 நிமிடம் 54.631 விநாடியாகக் குறைத்தார். கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு வருடத்துக்கும் மேல் உழைத்து மிச்சப்படுத்தியது ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை!

கொடைக்கானல் பஸ் கணக்கு

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பழனி பஸ் ஸ்டாண்டில் இருந்து கொடைக்கானலுக்கு அரை மணி நேரத்துக்கு ஒரு பஸ் என்று வைத்துக்கொள்வோம். நீங்க 9.01-க்கு வந்தாலும் சரி, 9.29-க்கு ஓடி வந்தாலும் சரி, 9.30 பஸ்ஸில்தான் போக முடியும். 9 மணி பஸ்ஸைப் பிடிக்கும் அளவுக்குச் சீக்கிரம் வந்தால்தான் பலன்.

மரியோ கேமும் கிட்டத்தட்ட இப்படித்தான். திரையில் ஒரு விநாடிக்கு சுமார் 60 படங்கள் ஓடும். அதில் ஒரு படம்தான் ஒரு 'ஃபிரேம்'. ஒரு லெவலை முடித்ததும், 21 ஃபிரேமுக்கு ஒருமுறைதான் அடுத்த லெவலுக்குப் போகும் 'பஸ்' கிளம்பும். அது சுமார் 0.35 விநாடி. நீங்க 10 ஃபிரேம் சீக்கிரம் முடித்தாலும், முந்தைய பஸ்ஸைப் பிடிக்கவில்லை என்றால் அந்த உழைப்பு அத்தனையும் வீண். கடைசி லெவலில் மட்டும் இந்தக் கணக்கு கிடையாது. அங்கே ஒவ்வொரு ஃபிரேமும் எண்ணப்படும்.

எப்படிப் பயிற்சி எடுக்கிறார்கள்?

கேமை ஆன் பண்ணி முதலில் இருந்து கடைசி வரை திரும்பத் திரும்ப ஆடுவார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மை அப்படி இல்லை.

1. ரூட் போடுவது: முதல் வேலை ஆடுவது இல்லை, பார்ப்பது. முன்னணி வீரர்களின் வீடியோக்களைப் பார்த்து, எங்கே குதிக்கிறார்கள், எங்கே நிற்காமல் போகிறார்கள் என்று குறிப்பு எடுப்பார்கள். பரீட்சைக்குப் படிப்பது போலத்தான்.

2. துண்டு துண்டாகப் பிரிப்பது: முழு கேமையும் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனியாக நேரம் பார்ப்பார்கள். 'லைவ்ஸ்பிளிட்' போன்ற டைமர்கள் இதற்காகவே இருக்கின்றன. எந்த இடத்தில் நேரம் போகிறது என்று இதில் பளிச்செனத் தெரிந்துவிடும்.

3. கஷ்டமான இடத்தை மட்டும் ஆடுவது: வராத ஒரே ஒரு ஜம்ப்பை எடுத்துக்கொண்டு அதையே நூறு தடவை ஆடுவார்கள். அந்த இடத்தை அப்படியே சேமித்து வைத்து, தப்பு பண்ணினால் அங்கிருந்தே மறுபடி தொடங்கும் வசதியைப் பயன்படுத்துவார்கள். இது பயிற்சிக்கு மட்டும்தான். ரெக்கார்டுக்கு ஆடும்போது முதலில் இருந்து ஒரே மூச்சில் ஆட வேண்டும்.

4. கைக்குப் பழக்குவது: வத்தலகுண்டில் இருந்து கொடைக்கானலுக்குப் பல வருடமாகப் பஸ் ஓட்டும் டிரைவரைக் கவனித்திருக்கிறீர்களா? அடுத்து எந்த வளைவு வரும் என்று அவர் யோசிப்பதில்லை. கை தானாகத் திரும்பும். அந்த நிலைக்கு வரும்வரை விடமாட்டார்கள்.

5. தப்பினால் என்ன செய்வது என்று பழகுவது: ஒரு தந்திரம் சொதப்பினால், உடனே மாற்று வழிக்குப் போக வேண்டும். அதற்கும் தனியாகப் பயிற்சி உண்டு. நல்ல வீரர் யார் என்பது தப்பு நடந்த அடுத்த நொடியில்தான் தெரியும் என்றே சொல்லலாம்.

90 சதவீதம் வந்தா போதாதா?

இங்கேதான் கணக்கு நம்மை அதிர வைக்கிறது. ஒரு ஆட்டத்தில் 10 கஷ்டமான தந்திரங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் 10 தடவை ஆடினால் 9 தடவை சரியாகச் செய்துவிடுவீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அருமையான திறமை! ஆனால் பத்தும் ஒரே ஆட்டத்தில் சரியாக அமைய வாய்ப்பு சுமார் 35 சதவீதம்தான். அதுவே 10-க்கு 7 தடவைதான் வருகிறது என்றால்? வாய்ப்பு 3 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். அதாவது 100 தடவை ஆடினால் 97 தடவை தோல்வி.

அதனால்தான் முதல் நிமிடத்திலேயே சின்னத் தப்பு நடந்தால்கூட ஆட்டத்தை நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குகிறார்கள். நாம் யூடியூபில் பார்ப்பது ஒரு வெற்றி. அதற்குப் பின்னால் யாரும் பார்க்காத ஆயிரக்கணக்கான 'ரீசெட்' இருக்கும்.

பணம் இல்லை... அப்போ எது இழுக்குது?

ஸ்பீட்ரன் மூலம் வருமானம் பார்ப்பவர்கள் மிகச் சிலர்தான். அதுவும் பெரும்பாலும் லைவ் ஸ்ட்ரீமிங் வழியாக வருவதுதான். பிறகு எதற்காக ஆடுகிறார்கள்?

முதல் காரணம், 'பிபி'. ரத்த அழுத்தம் இல்லைங்க, 'பர்சனல் பெஸ்ட்'! அவரவரின் சொந்தச் சிறந்த நேரம். உலக ரெக்கார்டு ஒருவருக்குத்தான் கிடைக்கும். ஆனால் 'நேத்து 9 நிமிஷம், இன்னைக்கு 8 நிமிஷம் 50 விநாடி' என்ற சந்தோஷம் எல்லோருக்கும் கிடைக்கும். 500-வது இடத்தில் இருப்பவரும் அதே உற்சாகத்தோடு ஆடுவது இதனால்தான்.

இரண்டாவது, பகிர்ந்துகொள்வது. ஒருவர் புதுக் குறுக்குவழி கண்டுபிடித்தால் பெரும்பாலும் அதை மறைத்து வைப்பதில்லை. போட்டியாளருக்கே சொல்லிக்கொடுப்பார். ஆட்டத்தை வீடியோவாகக் காட்டினால்தான் ரெக்கார்டு ஏற்கப்படும் என்பதால் ரகசியம் காப்பதும் கஷ்டம்.

மூன்றாவது, சேர்ந்து செய்யும் நல்ல காரியம். 'கேம்ஸ் டன் குயிக்' என்ற நிகழ்ச்சி 2010-ல் அமெரிக்காவில் தொடங்கியது. ஸ்பீட்ரன் வீரர்கள் கூடி, பல நாள் இடைவிடாமல் நேரலையில் ஆடுவார்கள். பார்ப்பவர்கள் நன்கொடை தருவார்கள். முதல் ஆண்டு 10,000 டாலருக்கு மேல் கிடைத்தது. இதுவரை திரட்டிய மொத்தத் தொகை 5 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு, புற்றுநோய்த் தடுப்பு அறக்கட்டளை ஆகியவற்றுக்கு இந்தப் பணம் போகிறது.

நம்ம ஊர் 'மின்னல் சிறுவன்'

வேகத்தின் மீதான இந்த ஆசை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சென்னையில் சோவியத் கலாசார மையத்தில் இருந்த டால் செஸ் கிளப்பில்தான் விஸ்வநாதன் ஆனந்த் சிறுவனாக மின்னல்வேக ஆட்டங்களை ஆடிப் பழகினார். அங்கே ஒரு நடைமுறை இருந்தது. தோற்றவர் எழுந்து அடுத்தவருக்கு இடம் கொடுக்க வேண்டும், ஜெயித்தவர் தொடர்ந்து ஆடலாம். எழாமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றால் ஜெயித்துக்கொண்டே இருக்க வேண்டும். 'லைட்னிங் கிட்' என்று பெயர் வாங்கிய அவர், 2003-லும் 2017-லும் உலக ரேபிட் சாம்பியன் ஆனார். அந்த இரண்டாவது பட்டத்தின்போது அவருக்கு வயது 48!

ஏமாற்றினால் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

ரெக்கார்டு இருக்கும் இடத்தில் ஏமாற்று வேலையும் இருக்கும். பழைய 'டிராக்ஸ்டர்' கேமில் 5.51 விநாடி என்ற டாட் ரோஜர்ஸின் ரெக்கார்டு பல பத்தாண்டுகள் நின்றது. கேமின் புரோகிராமை ஆராய்ந்தபோது, அந்த நேரம் சாத்தியமே இல்லை என்று தெரிந்தது. 2018-ல் ரெக்கார்டு நீக்கப்பட்டது.

2020-ல் யூடியூப் பிரபலம் 'டிரீம்' ஆடிய 'மைன்கிராஃப்ட்' ஆட்டங்களில் அதிர்ஷ்டம் கொஞ்சம் அதிகமாகவே அடித்தது. சரிபார்க்கும் தன்னார்வலர்கள் கணக்குப் போட்டு 29 பக்க அறிக்கை வெளியிட்டார்கள். அப்படி அமைய 7.5 லட்சம் கோடியில் ஒரு வாய்ப்புதான் என்றது அறிக்கை. முதலில் மறுத்த டிரீம், 2021-ல் மாற்றம் செய்யப்பட்ட கேமில் ஆடியதை ஒப்புக்கொண்டார். தனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்பது அவர் தந்த விளக்கம்.

சிக்னல் இல்லாத மலையிலும் ஆடலாமா?

தாராளமாக. ஆன்லைன் ஷூட்டிங் கேம் என்றால் நெட் வேகம் முக்கியம். மேகம் இறங்கி மழை பிடித்தால் மலைக்கிராமங்களில் சிக்னல் படுத்தும் பாடு எல்லோருக்கும் தெரியும். ஸ்பீட்ரன் பெரும்பாலும் தனி ஆளாக, நெட் இல்லாமல் ஆடும் கேம்களில்தான் நடக்கிறது. பூம்பாறையில் இருப்பவருக்கும் டோக்கியோவில் இருப்பவருக்கும் அதே கேம், அதே கடிகாரம். வீடியோவை அனுப்பும்போது மட்டும் நெட் கிடைத்தால் போதும்.

புது கம்ப்யூட்டரும் தேவையில்லை. மொபைலில் ஆடும் 'சப்வே சர்ஃபர்ஸ்' கேமுக்கே ரெக்கார்டு பட்டியல் இருக்கிறது. ஒரு காயினைக்கூடத் தொடாமல் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கலாம் என்று அதில் ஒரு பிரிவு. முயற்சி பண்ணிப் பாருங்க, ஒரு நிமிடம் தாண்டுவதே சவால்தான்!

பெற்றோர் கவனத்துக்கு

'இதுவும் ரம்மி மாதிரிதானா?' என்று சிலர் பயப்படலாம். இல்லை. ஸ்பீட்ரனில் பந்தயப் பணம் கட்டுவது கிடையாது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத்தான் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை செய்தது. இ-ஸ்போர்ட்ஸ் போட்டிகளை அதே சட்டம் அங்கீகரிக்கிறது.

ஆனா, அளவு மீறினால் எதுவும் பிரச்னைதான். ஆடுவதை நிறுத்த முடியவில்லை, படிப்பு, தூக்கம், சாப்பாடு எல்லாம் இரண்டாம்பட்சம், பாதிப்பு தெரிந்தும் தொடர்வது... இவை பல மாதங்கள் நீடித்தால், அது உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கும் 'கேமிங் டிஸ்ஆர்டர்' ஆக இருக்கலாம். மனநல ஆலோசனைக்கு 'டெலி மானஸ்' இலவச எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம். மணிக்கட்டு வலி வந்தால் ஓய்வு கட்டாயம்.

வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க சுலபமான வழி ஒன்று உண்டு. பிள்ளை ஒரே கேமை மறுபடி மறுபடி ஆடினால் போனைப் பிடுங்குவதற்கு முன்னால், 'நேத்தைவிட எவ்ளோ குறைச்சே?' என்று கேட்டுப் பாருங்கள். ஒரு நம்பரைச் சொல்லி, எங்கே தப்பு நடந்தது, நாளைக்கு எதை மாற்றப் போகிறேன் என்று கண்கள் விரிய விளக்கினால், அங்கே நடப்பது பயிற்சி. பதிலே இல்லாமல் எரிச்சல் மட்டும் வந்தால், உட்கார்ந்து பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.