கேட்டவனும் கொடுத்தவனும்

பேனா கையில் இருக்கிறது, தாள் எதிரே விரிந்து கிடக்கிறது, மைக்கும் குறைவில்லை. எண்ணம் ஒன்றுதான் எழவில்லை! எழுத்தை நேசிக்கும் எவரும் இந்த வறட்சியை அறிவர். ஊற்றைத் தோண்டத் தோண்ட மணல் வருகிறதேயன்றி ஈரம் தென்படுவதில்லை. அவ்வேளையில் உள்ளம் மெல்ல ஒன்று சொல்லும்: "நண்பனிடம் செல்லேன்; கதைக்கு ஒரு கரு கொடு என்று கேளேன்." அதே நொடியில் மற்றொரு குரல் சீறும்: "வெட்கமில்லையா? பிறர் கருத்தை இரந்து பெறுபவனுக்கா எழுத்தாளன் என்று பெயர்?"

சீறும் குரலுக்கே நம்மில் பலர் அஞ்சிவிடுகிறோம். பள்ளி ஆண்டு விழாவுக்குப் புது நாடகம் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டு, மூன்று இரவுகள் கண்விழித்தும் முதற் காட்சியைத் தாண்ட முடியாமல் திணறியபோது நாமும் அஞ்சினோம். பக்கத்து வகுப்பறையில் ஆசிரிய நண்பர் ஒருவர் இருந்தார். கதைகள் பல அறிந்தவர். கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். கேட்க நாணினோம். புது நாடகம் பிறக்கவேயில்லை. பிள்ளைகள் பழைய நாடகத்துக்கே மீண்டும் அரிதாரம் பூசினர். "பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதாதே" என்று நாள்தோறும் ஆணையிட்டு ஆணையிட்டு, கேட்பதும் களவாடுவதும் ஒன்றே என்ற எண்ணம் நமக்கே ஊறிவிட்டது போலும்!

இரண்டும் ஒன்றுதானா? வரலாறு என்ன சொல்கிறது? ரஷ்ய எழுத்தாளர் ஒருவரின் வாழ்வு இதற்கு விடை பகர்கிறது. அவர் பெயர் நிக்கொலாய் கோகல்.

உக்ரேன் மண்ணில், பொல்தாவாப் பகுதியில், 1809ஆம் ஆண்டு பிறந்தவர் கோகல். 1828ஆம் ஆண்டின் இறுதியில், 19 வயது இளைஞராக, ரஷ்யப் பேரரசின் அன்றைய தலைநகரான பீட்டர்ஸ்பர்க் வந்து சேர்ந்தார். புகழ் வேண்டும், அதுவும் உடனே வேண்டும்! ஜெர்மன் நாட்டைக் களமாகக் கொண்டு காவியம் ஒன்று எழுதி, 1829ஆம் ஆண்டில் புனைபெயரில், தம் செலவிலேயே அச்சிட்டார். கண்டறியாத நாடு, வாழ்ந்தறியாத வாழ்வு, ஏட்டில் படித்த காதல்! திறனாய்வாளர்கள் எள்ளி நகையாடினர். இளைஞர் கடை கடையாக ஏறி இறங்கினார். விற்காத படிகளைத் திரும்பப் பெற்றார். அத்தனையையும் தீக்கு இரையாக்கினார்.

அதே ஆண்டில் அவர் வேறொன்றும் செய்தார். ஊரிலிருந்த அன்னைக்கு மடல் எழுதினார். நம் ஊர் மணப்பெண் என்ன உடுத்துவாள்? கோயில் ஊழியரின் ஆடை எப்படியிருக்கும்? கோடை விழாவில் மக்கள் என்னென்ன செய்வர்? பேய்களைப் பற்றியும் நீர்மகளிரைப் பற்றியும் சொல்லப்படும் கதைகள் யாவை? ஒன்றுவிடாமல், பெயர் பிசகாமல், விளக்கமாக எழுதி அனுப்புங்கள் என்று வேண்டினார். சொந்த மண்ணைப் பற்றி அந்த மண்ணின் மகனே பிறரைக் கேட்பதா என்று அவர் நாணவில்லை. வீட்டார் தந்த செய்திகளும் அவர் கற்பனையும் கைகோத்தன. திக்கான்கா என்ற ஊரைச் சுற்றிப் பின்னப்பட்ட அந்தக் கதைத் தொகுதி, 1831, 1832ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளிவந்தது. நாடே திரும்பிப் பார்த்தது. எவரையும் கேளாது எழுதிய காவியம் சாம்பலாயிற்று. கேட்டு எழுதிய கதை வாழ்வு பெற்றது. இது முதற் பாடம்.

1831ஆம் ஆண்டிலேதான் கோகலுக்குப் புஷ்கினின் நட்பு கிடைத்தது. அலெக்சாண்டர் புஷ்கின், ரஷ்யக் கவிதையின் கொடுமுடி; கோகலைவிடப் பத்து வயது மூத்தவர். கோகலோ அறிமுகம் தேடும் இளைஞர். ஆயினும் மலை மடுவைப் பார்ப்பதுபோல அவர் பார்க்கவில்லை. தோழனைப் பார்ப்பதுபோலவே பார்த்தார்.

ஆண்டுகள் சில சென்றன. கோகல் ஆசிரியரானார்! ஆம், தோழர்களே, நம் இனம்தான்! பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் உலக வரலாறு போதிக்கும் பணி 1834இல் கிடைத்தது. முதற் சொற்பொழிவு மணத்தது. விரைவிலேயே சரக்குத் தீர்ந்தது. மாணவர் வரிசையில் அமர்ந்திருந்தவர்களில் ஒருவர், பின்னாளில் பெரும் நாவலாசிரியராக விளங்கிய துர்கெனேவ். ஆசிரியரின் தடுமாற்றத்தை அவர் மறக்கவில்லை; எழுதியும் வைத்தார். 1835ஆம் ஆண்டின் இறுதியோடு அந்த வேலையும் போயிற்று.

வேலை ஆட்டங்கண்டிருந்த அந்த நாட்களில்தான், ரஷ்ய நாட்காட்டியின்படி 1835 அக்டோபர் 7ஆம் நாள், கோகல் புஷ்கினுக்கு ஒரு மடல் தீட்டினார். நகைப்புக்குரியதோ அல்லாததோ, கலப்பற்ற ரஷ்ய நிகழ்ச்சி ஒன்றைத் தாருங்கள், நகைச்சுவை நாடகம் எழுதக் கை துடிக்கிறது, கருதான் இல்லை, கொடுத்தால் ஐந்து அங்கங்களில் நாடகம் பிறக்கும் என்பது அதன் சாரம். சுற்றி வளைக்கவில்லை, பெருமை பேசி மறைக்கவில்லை. "என்னிடம் இல்லை, உம்மிடம் உண்டு, தாரும்!" இவ்வளவுதான்.

புஷ்கினிடம் உண்மையிலேயே இருந்தது. 1833ஆம் ஆண்டில், பழைய உழவர் எழுச்சி ஒன்றின் வரலாற்றைத் தொகுக்க அவர் ஓரன்பர்க் பக்கம் பயணம் செய்தார். வழியில் ஓர் ஆளுநர் அவரைக் கண்டு, மறைவாகச் சோதனையிட வந்த அரசு அதிகாரியோ என ஐயுற்று, ஓரன்பர்க் ஆளுநருக்கு எச்சரிக்கை அனுப்பினார் என்பர். கவிஞனைக் கண்டு கலங்குகிறதே கையூட்டு உலகம்! எப்படியிருக்கும் இந்தக் காட்சி? இப்படி ஆள்மாறாட்டமாக மதிக்கப்படும் ஒருவனைப் பற்றிய சில வரிக் குறிப்பு புஷ்கினின் தாள்களிலும் கிடந்தது. சில வரிகள் மட்டுமே! அது அவர் கையில் நாடகமாக வளரவில்லை.

அந்த விதை கோகலின் கைக்கு மாறியது. இரண்டே திங்களில் நாடகம் உருவாயிற்று! ஒரு சிற்றூர், ஊர் முழுதும் இலஞ்சம். தலைநகரிலிருந்து மாறுவேடத்தில் அதிகாரி வருகிறார் என்று செய்தி பரவுகிறது. விடுதியில் உணவுக்குக் கொடுக்கக் காசில்லாமல் விழிக்கும் வெட்டி இளைஞன் ஒருவனை அந்த அதிகாரியென்றே நம்புகின்றனர். நீதிபதி பணம் நீட்டுகிறார். அஞ்சல் அதிகாரி நீட்டுகிறார். நகரத் தலைவரோ மகளையே மணம் பேசுகிறார்! இளைஞன் வாரிச் சுருட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுகிறான். உண்மை வெளிப்பட்டு ஊரே திகைக்கும் வேளையில், மெய்யான அதிகாரி வந்துவிட்டார் என்ற செய்தி இடியென இறங்குகிறது. இதுதான் 'அரசாங்க ஆய்வாளர்'.

1836 ஏப்ரல் 19ஆம் நாள் அலெக்சாந்திரின்ஸ்கி அரங்கில் நாடகம் அரங்கேறியது. ஜார் மன்னன் முதலாம் நிக்கொலாசே வந்தமர்ந்தான். எல்லோருக்கும் அடி விழுந்தது, அதிலும் தனக்கே மிகுதி என்று அவன் சொன்னதாகக் கூறுவர். அதிகாரிகளோ அலறினர். ஒரு நண்பன் கொடுத்த சிறு பொறி, ஒரு பேரரசின் அலுவலகங்களையே வெளிச்சம் போட்டுக் காட்டியது!

கொடுத்தவர் இத்துடன் நிற்கவில்லை. அதைவிடப் பெரிய கரு ஒன்றையும் அவர் முன்னரே கொடுத்திருந்தார். ரஷ்யாவில் பண்ணையார்களின் செல்வம் ஏக்கராலன்று, 'உயிர்களால்' கணக்கிடப்பட்ட காலம் அது. உயிர்கள் என்றால் பண்ணை அடிமைகள்! விற்கலாம், வாங்கலாம், ஈடு வைத்துக் கடன் பெறலாம். ஆண்டுகள் பல இடைவிட்டே கணக்கெடுப்பு நடக்கும். இடையில் இறந்துபோன அடிமை, அடுத்த கணக்கெடுப்பு வரும் வரையில் ஏட்டில் உயிரோடிருப்பான். அவனுக்கும் பண்ணையார் வரி கட்டவேண்டும். ஓர் எத்தன் ஊர் ஊராகச் சென்று, இறந்தவர்களை மலிவாக வாங்கி, உயிருள்ளவர்களாகக் காட்டி ஈடு வைத்தால்? இக்கருவைத் தாமே எழுத எண்ணியிருந்தார் புஷ்கின். இதை வேறெவருக்கும் கொடுத்திருக்கமாட்டேன் என்று சொல்லிக் கொடுத்தார் எனக் கோகலே பின்னாளில் எழுதிவைத்தார். அவ்வாறு பிறந்ததே 'இறந்த உயிர்கள்'.

தாம் உண்ண வைத்திருந்ததை எடுத்துக் கொடுப்பதல்லவா கொடை? வேண்டாத பழம்பொருளைத் தள்ளிவிடுவதா கொடை? இந்த உக்ரேனியரிடம் எச்சரிக்கையாக இருக்கவேண்டும், கூச்சலிடக்கூட வழியில்லாமல் கொள்ளையடிக்கிறார் என்று புஷ்கின் வீட்டாரிடம் நகைத்தாராம். நகைத்தாரே தவிரக் கதவை அடைக்கவில்லை. கோகலும் வாங்கியே பழகியவரல்லர். 1836இல் புஷ்கின் இதழ் ஒன்று தொடங்கியபோது, அதில் தம் கதைகளைத் தந்து துணை நின்றார்.

நண்பன் தந்தது கரு மட்டுமன்று, செவியும் தந்தான். 'இறந்த உயிர்கள்' நூலின் தொடக்கப் பகுதியைக் கோகல் படித்துக் காட்டியபோது, சிரிக்கக் காத்திருந்த புஷ்கினின் முகம் வரவர இருண்டது. நம் ரஷ்யா எவ்வளவு துயரமானது என்று இறுதியில் அவர் வருந்தினார். அப்போதுதான், தாம் எழுதுவது வெறும் வேடிக்கையன்று என்பதைக் கோகல் உணர்ந்தார்.

1837ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இருவர் மோதும் துப்பாக்கிச் சண்டையில் குண்டடிபட்டுப் புஷ்கின் மாண்டார். வயது 37! பாரிசிலிருந்த கோகலுக்குச் செய்தி பேரிடியாயிற்று. அவரை மனக்கண்முன் நிறுத்தாமல் ஒரு வரியும் எழுதியதில்லை என்று நண்பருக்கு எழுதிக் கதறினார். ஆயினும் பெற்ற கருவைப் பாழாக்கவில்லை. இத்தாலியில் அமர்ந்து எழுதி முடித்தார். ஆன்மா அழிவற்றது, அது இறப்பதாவது என்று தணிக்கைக் குழுவில் தலைப்பைக் கேட்டே வெகுண்டனர். தலைப்பை மாற்றியமைத்தே 1842இல் நூல் வெளிவர முடிந்தது. அடிமை முறையின் அழுகலை அது தெளிவாகக் காட்டியது.

கதை இங்கு முடிந்திருந்தால் இனிது. முடியவில்லை. இரண்டாம் பகுதி எழுதத் தொடங்கினார் கோகல், மீண்டும் வறட்சி! 1845இல் எழுதியதை எரித்தார். 1846இல், முதற் பகுதியின் மறுபதிப்பு முன்னுரையில், படிப்போர் அனைவரையும் நோக்கிக் கை நீட்டினார். எந்த நிலையினராயினும் சரி, என் பிழைகளைத் திருத்துங்கள். நீங்கள் கண்ட வாழ்க்கையை எழுதி அனுப்புங்கள் என்று வேண்டினார். அன்னையைக் கேட்டவர், நண்பனைக் கேட்டவர், இப்போது நாட்டையே கேட்டார்!

ஆனால் இம்முறை கேட்டவரின் செவி திறந்திருந்ததா? 1847இன் தொடக்கத்தில், நண்பர்களுக்கு எழுதிய மடல்கள் என்ற பெயரில் அவர் வெளியிட்ட நூல் விடையைச் சொல்லிற்று. பண்ணையார் ஆள்வதும் உழவன் அடங்குவதும் இறைவன் ஆணை என்றது அந்நூல். திருநூல்களைத் தவிர வேறு படிக்க உழவனுக்கு எழுத்தறிவு எதற்கு என்றது! இறந்தவர்களுக்காகப் பேசிய பேனாவா இதை எழுதிற்று? எழுத்தறிவிப்பதையே தொழிலாகக் கொண்ட நம் நெஞ்சில் இது வேலாகப் பாய்கிறது.

அவர் கேட்ட விடை வந்தது. அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடிய திறனாய்வாளர் பெலின்ஸ்கி, உயிர்க்கொல்லி நோயோடு போராடிக்கொண்டே, 1847 ஜூலைத் திங்களில் கனல் கக்கும் மடல் ஒன்று எழுதினார். நாட்டுக்கு வேண்டுவது போதனையன்று, அடிமை முறை ஒழிப்பும் மனித மதிப்பும் என்று இடித்துரைத்தார். சினந்த கோகல் நீண்ட மறுப்பு எழுதினார். பிறகு அதைக் கிழித்தார். உம் சொல்லில் ஓரளவு உண்மை இருக்கலாம் என்று தணிந்த மடல் ஒன்றையே அனுப்பினார். உண்மை எட்டிப் பார்த்தது, உள்ளே புகவில்லை. 1852 பிப்ரவரித் திங்கள் ஓரிரவில், பணிவிடைச் சிறுவன் வேண்டாமென்று கெஞ்ச, இரண்டாம் பகுதியை மீண்டும் தீயிலிட்டார். பத்து நாட்களுக்குள் அவரும் மறைந்தார்.

பெலின்ஸ்கியின் மடலோ அச்சேற வழியின்றிக் கையெழுத்துப் படிகளாகவே நாடெங்கும் உலவியது. அதை நண்பர் கூட்டத்தில் படித்த குற்றத்துக்காகவும் 1849இல் தஸ்தயெவ்ஸ்கிக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. கடைசி நொடியில் அது சைபீரியக் கடுங்காவலாக மாறியது. 1861ஆம் ஆண்டிலே பண்ணை அடிமை முறை சட்டத்தால் ஒழிந்தது. 2 கோடிக்கு மேற்பட்ட மக்களின் விலங்கு தெறித்தது.

இந்த வரலாறு நமக்குக் கூறுவது யாது? கருவைக் கேட்பது களவன்று. களவாடுபவன் விளைந்த கதிரை அறுக்கிறான். கேட்பவன் விதையைப் பெற்றுத் தன் நிலத்தில் உழுகிறான். ஒரே கரு புஷ்கினின் தாளில் சில வரிகளாகக் கிடந்தது. கோகலின் கையில் காலத்தை வென்ற நாடகமாயிற்று. ஆனால் கேட்பவனுக்கு ஒரு கடமை உண்டு. விடையைத் தானே முன்கூட்டி முடிவு செய்துகொண்டு கேட்பவன் கேட்பவனல்லன். தன் குரலின் எதிரொலிக்காகக் காத்திருப்பவன். அன்னையிடமும் நண்பனிடமும் கோகல் திறந்த செவியோடு கேட்டார்; படைப்புப் பிறந்தது. பின்னாளில் மூடிய செவியோடு கேட்டார், சாம்பல் மிஞ்சியது.

ஆகவே, வறட்சி வந்துற்றபோது நண்பனின் கதவைத் தட்டுவோம். நம் கதவைத் தட்டுவோர்க்கு, எழுத எண்ணி வைத்திருக்கும் நல்ல கருவையும் எடுத்துக் கொடுப்போம். நமக்கு இனிக்காத உண்மையை நண்பன் தந்தாலும் கிழித்தெறியாமல் வாங்கிக்கொள்வோம்.

வகுப்பறையில் இனி நம் ஆணையையும் சற்றே திருத்திக்கொள்வோம்: பார்த்து எழுதாதே, ஆனால், தம்பி, கேட்டு எழுது!

அடுத்த ஆண்டு விழா வருகிறது. பக்கத்து வகுப்பறைக் கதவு திறந்தேதான் இருக்கிறது.