கூலி என்ற ஏச்சும் நெட்டால் தமிழரும்

தென்னாப்பிரிக்காவிலே இந்தியரின் உரிமைகளை ஒவ்வொன்றாகப் பறித்த சட்டங்களின் சரித்திரத்தை ஆராயப் புகுவோர், அச்சட்டங்கள் அச்சேறுவதற்குப் பல்லாண்டுகள் முன்பிருந்தே டர்பன் நகரத்து வீதிகளிலும் கரும்புத் தோட்டங்களிலும் வெள்ளையர் வெகு சாதாரணமாக வழங்கிவந்த பேச்சையும் உடன் ஆராய்தல் அவசியமாகும். சட்டமியற்றியவர்கள் புதிதாக ஒரு துவேஷத்தைச் சிருஷ்டிக்கவில்லை. கடைத்தெருவிலே தாம் நாள்தோறும் பேசிப் பழகியதைச் சட்டசபைக்குள்ளும் கொண்டுபோனார்கள்.

1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி, சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்னும் கப்பல் 342 பேருடன் நெட்டாலின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. ஐந்தாண்டு ஒப்பந்தம், முதல் வருஷம் மாதம் பத்து ஷில்லிங் சம்பளம், அதன்பின் வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் உயர்வு. 1911-இல் இந்த ஏற்றுமதி நிறுத்தப்படும் வரையில் அவ்வாறு சென்றவர் தொகை 1,52,184. அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் சென்னை மாகாணத்தார். உழைப்புக்குப் பெறும் ஊதியத்தின் பெயரான ‘கூலி’ அந்நாட்டில் மனிதனுக்கே பெயராயிற்று. தமிழர் பெயர்களின் இறுதியிலே பெரும்பாலும் ‘சாமி’ என்றிருக்கக் கண்டு, எல்லா இந்தியரையும் ‘சாமி’ என்று வெள்ளையர் ஏளனமாக அழைத்தனர். சாமி என்றால் எஜமானன் என்று பொருள், நான் உமக்கு எஜமானன் அல்லேனே என்று இடக்காக விடையிறுத்த இந்தியரும் உண்டென்றும், அதைக் கேட்டுச் சினங்கொண்டு கைநீட்டிய ஆங்கிலேயரும் உண்டென்றும் காந்தியடிகள் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

இவ்வேச்சு தோட்டத் தொழிலாளியோடு நிற்கவில்லை. கணக்கெழுதுபவரும் கப்பல் வியாபாரியும் கூலிகளே. 1893-இல் வழக்கொன்றின் பொருட்டு வந்திறங்கிய காந்தியடிகள் ‘கூலி பாரிஸ்டர்’ ஆனார். இதற்குச் செல்வர்கள் கண்ட பரிகாரம் விசித்திரமானது. குஜராத்திலிருந்து வந்த முஸ்லிம் வணிகர் தம்மை அராபியர் என்றனர். பார்ஸிக் குமாஸ்தாக்கள் பாரசீகர் என்றனர். ஏச்சு தவறானது என்று மறுப்பதை விட்டு, அது தமக்குரியதன்று, அதோ வெயிலில் கரும்பு வெட்டுகிறானே அவனுக்குரியது என்று காட்டிவிட்டு ஒதுங்கிய இந்தத் தந்திரத்தால் அவர்கள் அடைந்த பலன் யாது? டிரான்ஸ்வால் அரசாங்கத்தின் 1885-ஆம் ஆண்டு மூன்றாம் சட்டம், ‘கூலிகள் எனப்படுவோர்’, அராபியர், மலாய்க்காரர் ஆகிய எல்லாரையும் ஒரே வாக்கியத்தில் அடுக்கி, அவர்கள் பிரஜா உரிமை பெறலாகாது என்றும் நிலம் வாங்கலாகாது என்றும் விதித்தது. நெட்டாலிலோ 1895-ஆம் ஆண்டுச் சட்டம், ஒப்பந்தம் முடிந்தபின் ஊர் திரும்பாமலும் மறு ஒப்பந்தம் எழுதாமலும் தங்கிவிடுவோர் ஆண்டுதோறும் தலைக்கு மூன்று பவுன் வரி செலுத்த வேண்டும் என்றது. மாதம் பதினான்கு ஷில்லிங்குக்கு மேல் காணாத குடும்பத்தில் பெண்டிரும் வளர்ந்த பிள்ளைகளும் தனித்தனியே இவ்வரிக்கு உள்ளாயினர்.

எதிர்ப்பு என்று சொல்லத்தக்க கொந்தளிப்பு முதலில் வெள்ளையரிடமே எழுந்தது என்பது கவனிக்கத்தக்கது. இந்தியரை அங்கே எவ்விதம் ஏசுகிறார்கள், எவ்விதம் நடத்துகிறார்கள் என்பதைக் காந்தியடிகள் 1896-இல் இந்தியாவிலே ஒரு சிறு பிரசுரமாக வெளியிட்டார். அதன் சுருக்கம் தந்தி மூலம் நெட்டாலுக்கு எட்டியது. 1897 ஜனவரி 13-ஆம் தேதி கப்பலிலிருந்து இறங்கிய அவரை டர்பன் வெள்ளையர் கூட்டம் கல்லாலும் அழுகிய முட்டையாலும் தாக்கிற்று. போலீஸ் சூப்பரிண்டெண்டின் மனைவியார் குடையை விரித்துக்கொண்டு குறுக்கே நின்றதனால் உயிர் பிழைத்தார். ஏசுவது அவர்களுக்கு இயல்பான காரியம். ஏசுகிறார்கள் என்று எடுத்துச் சொன்னதே குற்றமாயிற்று.

இந்தியர் பக்கத்து எதிர்ப்பு நெடுங்காலம் மனுக்களாகவும் கூட்டங்களாகவும் நடந்தது; அவற்றை இங்கே விரிப்பதற்கில்லை. 1913 மார்ச்சு மாதத்தில் கேப் நகரத்து நீதிபதி ஸெர்ல், பலதார மணத்தை அனுமதிக்கும் மதங்களின் சடங்குப்படி நடந்த விவாகங்கள் அந்நாட்டில் செல்லா என்று தீர்ப்பளித்தார். வைப்பாட்டி என்ற வார்த்தை அத்தீர்ப்பின் நோக்கத்தில் இருந்ததோ இல்லையோ, தாலி கட்டி வாழ்ந்த பெண்களின் காதில் அதுவே விழுந்தது. அதுவரை போராட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த அவர்கள், பெரும்பாலும் டிரான்ஸ்வால் தமிழ்ப் பெண்கள், எல்லை கடந்து நியூகாஸில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்று, மூன்று பவுன் வரி ஒழியும் வரையில் வேலைக்குப் போகாதீர்கள் என்று தொழிலாளரை வேண்டினார்கள். வேலைநிறுத்தம் சுரங்கங்களிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குப் பரவியது. நவம்பர் 6-ஆம் தேதி டிரான்ஸ்வால் எல்லை நோக்கி நடந்த வேலைநிறுத்தக்காரர் படையில் 2,037 ஆடவர், 127 பெண்டிர், 57 குழந்தைகள் இருந்தனர். அராபியர் என்று பெயர் மாற்றிக்கொண்டவர்களால் இயலாததை, எவர் தலையில் கூலி என்ற பெயரைச் சுமத்திவிட்டு அவர்கள் ஒதுங்கினார்களோ அவர்களே செய்தார்கள். அம்மாதமே வைசிராய் ஹார்டிஞ்சு பிரபு சென்னையில் பேசியபோது சத்தியாக்கிரகிகளுக்குப் பகிரங்கமாக அனுதாபம் தெரிவிக்க நேர்ந்தது. இப்போராட்டத்தில் சிறைப்பட்டு, அங்கே கண்ட ஜுரத்தோடு வெளிவந்த தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22-இல், பதினாறு வயதில் மாண்டாள். அவ்வாண்டு நிறைவேறிய இந்தியர் நிவாரணச் சட்டம் வரியை நீக்கி, விவாகங்களையும் ஒப்புக்கொண்டது.

இச்சரித்திரத்தை இவ்வளவோடு முடிப்பது நமக்குச் சௌகரியமாயிருக்கும், ஆனால் நேர்மையாகாது. காந்தியடிகளே நெட்டாலில் தம் முதலாண்டுகளில் எழுதிய மனுக்களிலும் கடிதங்களிலும், ஆப்பிரிக்கரை வெள்ளையர் இகழ்ந்து வழங்கிய ‘காஃபிர்’ என்னும் பெயராலேயே குறித்து, அவர்களது நிலைக்கு இந்தியரையும் இழிக்கிறார்களே என்று முறையிட்டார். அராபியர் என்று தம்மைச் சொல்லிக்கொண்ட வணிகரின் தர்க்கம் இதிலிருந்து வெகு தூரத்தில் இல்லை. பிற்காலத்தில் அவர் கருத்து விரிந்தது மெய்யே. ஆயினும் 2016-இல் இந்திய ஜனாதிபதி கானா பல்கலைக்கழகத்தில் திறந்துவைத்த அவருடைய சிலையை அகற்ற வேண்டுமென்று அங்குள்ள ஆசிரியர்களும் மாணவர்களும் அவ்வெழுத்துக்களையே எடுத்துக்காட்டி வாதித்தபோது, பின்னாளைய மாற்றத்தைச் சொல்லி அவர்களைத் திருப்தி செய்ய முடியவில்லை. 2018 டிசம்பரில் சிலை அவ்விடத்திலிருந்து எடுக்கப்பட்டது. அதைச் செய்நன்றி மறத்தல் என்று நம்மவருள் சிலர் கடிந்தனர். டர்பன் வீதியில் ‘சாமி’ என்று கூவியழைக்கப்பட்ட ஒருவனிடம் அந்த வழக்கைத் தீர்ப்புக்கு விட்டிருந்தால், அவன் அவ்வளவு விரைவில் கடிந்திருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை.