தீவனத்தில் புரதம் கூடினால் கெளுத்தி சீக்கிரம் வளருமா? மூட்டை வாங்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

திருவள்ளூர் மாவட்டம் பழவேற்காடு ஏரியில், பாடு முறைப்படி முறைவைத்து மீன்பிடிக்கும் ஊர்களில் ஒன்று கோட்டைக்குப்பம். முகத்துவாரத்தை மணல் அடைத்தால் ஏரியில் மீன் வரத்து குறையும். அப்போது எழும் கேள்வி: குளத்தில் கெளுத்தி வளர்த்தால் என்ன? வளர்க்கலாம். ஆனால் செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போகும். அங்கே தப்புக் கணக்கு போட்டால் கையில் ஒண்ணும் மிஞ்சாது.

எவ்வளவு புரதம் தேவை?

பொதுவாக, கெளுத்திக் குஞ்சுகளுக்கு 35 முதல் 40 சதவீதம். வளர்ந்த மீனுக்கு 28 முதல் 32 சதவீதம் போதும். முழுக்க மாமிசம் தின்னும் கொடுவாவுக்குத்தான் 40 சதவீதத்துக்கு மேல் வேண்டும். அதனால் கொடுவா தீவனத்தைக் கெளுத்திக்குப் போடுவது வீண் செலவு.

கூடுதலாகப் போட்டால் என்ன ஆகும்?

தேவைக்கு மேல் போகும் புரதம் சதையாக மாறாது. மீன் அதை எரித்துச் சக்தியாக்கும், மிச்சம் அம்மோனியாவாகத் தண்ணீரில் கலக்கும். தண்ணீர் கெட்டால் மீன் இரை எடுக்காது, நோயும் வரும்.

மூட்டையில் உள்ள எண்ணை நம்பலாமா?

அது 'கச்சா புரதம்'. தீவனத்தில் உள்ள நைட்ரஜனை அளந்து, 6.25 ஆல் பெருக்கிச் சொல்லும் கணக்கு. அந்தப் புரதம் மீனுக்குச் செரிக்குமா என்பதை அது சொல்லாது.

வீட்டிலேயே கலக்கலாமா?

கடலைப் புண்ணாக்கில் சுமார் 42 சதவீதம், அரிசித் தவிட்டில் சுமார் 12 சதவீதம் புரதம். சரிபாதி கலந்தால் 27 சதவீதம் வரும். ஆனால் கடலைப் புண்ணாக்கில் லைசின், மெத்தியோனின் குறைவு. கொஞ்சம் மீன்தூள் சேர்த்தால் அந்தக் குறை தீரும், புரதமும் கூடும்.

விலையை எப்படிப் பார்ப்பது?

கிலோ மீனுக்கு எத்தனை கிலோ தீவனம் என்பதே முக்கியம். ஒரு உதாரணம்: 40 ரூபாய் தீவனம் 1.8 கிலோ பிடித்தால் செலவு 72 ரூபாய். 60 ரூபாய் தீவனம் 1.4 கிலோ பிடித்தால் 84 ரூபாய். இங்கே மலிவானதே லாபம். அதே மலிவுத் தீவனம் 2.2 கிலோ பிடித்தால் செலவு 88 ரூபாய், கணக்கு தலைகீழ். அதனால் போட்ட தீவனத்தையும் பிடித்த மீனையும் எடை போட்டு எழுதி வைக்கணும்.

எந்தக் கெளுத்தி?

ஆப்பிரிக்கக் கெளுத்தி வேண்டவே வேண்டாம். இந்தியாவில் அதை வளர்க்கத் தடை உள்ளது. அது ஏரிக்குள் தப்பினால் நாட்டு மீன்களைத் தின்று தீர்க்கும். பழவேற்காட்டிலேயே கிடைக்கும் உவர்நீர்க் கெளுத்தி ஒன்று உண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் (சிபா), மேற்கு வங்கத்தின் காக்த்வீப் மையத்தில் அதைக் குஞ்சு பொரிக்க வைத்துள்ளது. உவர்நீர்ப் பண்ணை என்றால் கடலோர மீன்வளர்ப்பு ஆணையத்தில் பதிவு கட்டாயம். குளம் வெட்டும் முன்பே அதை முடிப்பது நல்லது.