இலையின் பெயர் பெற்ற மருந்து

மயிலாப்பூரில் சித்திரக்குளத்திற்கு அருகில் என் அத்தை ஒருவர் வாழ்ந்து வந்தார். அறுபது வயதைக் கடந்தவர். பிறந்தது முதல் மரக்கறி உணவே உண்டவர். கபம் சேரும் என்று பாலையும் தயிரையும் கூடப் பல ஆண்டுகளாக ஒதுக்கி வைத்திருந்தார். சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய முகம் வெளுத்தது. நாக்கு வழவழப்பாகிச் சிவந்து எரிந்தது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. இரத்தக் குறைவுதான் என்று அக்கம்பக்கத்தார் முடிவு கட்டினர். ஃபோலிக் அமில மாத்திரையைக் கடையிலிருந்து நானே வாங்கிக் கொடுத்தேன்.

ஒரு மாதத்தில் முகம் தெளிந்தது. வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. ஆனால் ஐப்பசி மாதத்தில் ஒரு மாலை, கபாலீசுவரர் கோயிலை வலம் வந்து திரும்பியவர், “கண்ணா, செருப்பு எப்போது கழன்றது என்றே தெரியவில்லை. கால் பஞ்சின்மேல் நடப்பதுபோல் இருக்கிறது” என்றார். பிறகு இருட்டில் தடுமாறத் தொடங்கினார். மருத்துவரிடம் அழைத்துச் சென்றபோதுதான், அவருக்குக் குறைந்திருந்தது பி-12 என்னும் வேறொரு ஜீவசத்து என்று தெரிந்தது. ஊசி மருந்து போட்டபின் நடை பெரும்பாலும் திருந்தியது. விரல்களின் மரப்பு மட்டும் கடைசிவரை போகவில்லை.

நல்ல மருந்து எவ்வாறு தீங்கிற்குத் துணை போயிற்று? இந்தக் கேள்விக்கு விடை தேடப் புகுந்த எனக்கு ஒரு வியப்புக் காத்திருந்தது. அம்மருந்தின் வரலாறு, என் அத்தையின் வீட்டிற்குக் கூப்பிடு தூரத்திலேயே பலமுறை வந்து போயிருக்கிறது.

1928ஆம் ஆண்டில் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அங்கே நெசவாலைகளில் உழைத்த ஏழைப் பெண்கள், கருவுற்ற காலத்தில் கடுமையான சோகைக்கு ஆளாகி மாண்டு கொண்டிருந்தனர். அவர்களுடைய இரத்தத்தில் சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்தும் அளவில் பெருத்தும் காணப்பட்டன. அம்மையார் அவர்களுடைய உணவை ஆராய்ந்தார். குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் எலிகளைக் கொண்டு சோதனை நடத்தினார். 1931இன் தொடக்கத்தில் சென்னைக்கு வந்து, நம் மக்கள் ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்று அழைக்கும் திருவல்லிக்கேணி மருத்துவமனையில் பணிபுரிந்தார். இன்று அது கஸ்தூரிபா காந்தி அரசு மகளிர் மருத்துவமனை.

அவர் கண்ட மருந்து மிக எளியது. இங்கிலாந்தில் ஏழைகளும் ரொட்டியில் தடவித் தின்னும் ‘மார்மைட்’ என்ற ஈஸ்ட் சாரமே அது. அதை உண்ட பெண்கள் சில நாட்களில் தேறத் தொடங்கினர். 1931இல் இச்செய்தியை அவர் வெளியிட்டார். அவர் கவனித்த மற்றொன்று, அதைவிட முக்கியமானது. மேனாட்டில் ‘கொடுஞ்சோகை’ என்று வழங்கிய நோயை, நன்கு சுத்திசெய்த ஈரல் சாரம் தீர்த்தது. அதே சாரம் அவருடைய நோயாளிகளுக்குப் பயன்படவில்லை. சுத்தி செய்யாத ஈரலும் ஈஸ்டுமே பயன்பட்டன. ஆகவே, நுண்பெருக்காடியில் ஒன்றுபோல் தோன்றும் இரண்டு சோகைகளுக்குக் காரணம் இரு வேறு சத்துக்களின் குறைவு என்பது புலனாயிற்று. என் அத்தையின் கதைக்கான திறவுகோல் இங்கேதான் இருக்கிறது.

1941இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் மூவர், நான்கு டன் கீரையைப் பிழிந்து ஒரு சத்தைத் திரட்டினர். லத்தீன் மொழியில் ‘ஃபோலியம்’ என்றால் இலை. அதனால் அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். வில்ஸ் அம்மையார் தேடிய சத்தும் அந்த இனத்தைச் சேர்ந்ததே. ஆனால் டன் கணக்கில் கீரையைப் பிழிந்து உலகிற்கெல்லாம் மருந்து கொடுக்க இயலுமா? அதைச் செயற்கையாக ஆக்கும் வழி வேண்டியிருந்தது. அவ்வழியைக் கண்ட கூட்டத்திற்குத் தலைமை தாங்கியவர் நம் சென்னையிலே படித்தவர்.

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895இல் பீமவரத்தில் பிறந்தார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும், மாநிலக் கல்லூரியிலும், சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றார். இளமையில் அவருக்குத் துறவறத்தில் நாட்டம் மிகுந்தது. இராமகிருஷ்ண சங்கத்தில் சேர விரும்பினார். தாயார் இசையவில்லை, மருத்துவம் கற்பதே தக்கது என்ற அறிவுரையும் கிடைத்தது. அவருடைய சகோதரர் இருவர் ‘ஸ்ப்ரூ’ என்னும் கொடிய கழிச்சல் நோயால் மாண்டனர். அவரையும் அந்நோய் பற்றியது. டாக்டர் ஆசண்ட லட்சுமிபதியின் ஆயுர்வேத சிகிச்சையால் அவர் பிழைத்தார். உண்ட உணவின் சத்தைக் குடல் ஏற்க மறுப்பதே ஸ்ப்ரூ. அதில் பெரிதும் குறைவது ஃபோலிக் அமிலமே.

பிற்காலத்தில் அமெரிக்கா சென்ற சுப்பாராவ், 1940இல் லெடர்லி ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்தார். 1945இல் அவருடைய கூட்டத்தினர் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கிக் காட்டினர். ஸ்ப்ரூ நோயாளிகள் அதனால் தேறினர். சகோதரர்களுக்குக் கிட்டாத மருந்தை உலகத்தாருக்கு ஆக்கித் தந்த அவர், 1948இல் ஐம்பத்து மூன்றாம் வயதில் காலமானார்.

புதிய மருந்து வந்த மகிழ்ச்சியில், கொடுஞ்சோகை நோயாளிகளுக்கும் அதைக் கொடுத்தனர். அவர்களுடைய இரத்தமும் விரைவில் சீராயிற்று. ஆனால் மாதங்கள் செல்லச் செல்ல, பலருக்குக் கால்கள் மரத்தன, நடை தள்ளாடியது. 1948இல் பி-12 பிரித்தெடுக்கப்பட்டபின் காரணம் விளங்கலாயிற்று. சிவப்பணுக்கள் பிரிந்து பெருகுவதற்கு இரண்டு சத்துக்களும் வேண்டும். பி-12 குறைந்த இடத்தில் ஃபோலிக் அமிலத்தை மிகுதியாகச் செலுத்தினால், எலும்பு மச்சையின் வேலை எப்படியோ நடந்துவிடுகிறது. நரம்புகளின் மேலுறையைக் காப்பதோ பி-12இன் வேலை. அதைச் செய்ய ஃபோலிக் அமிலத்தால் ஆகாது. வெளுத்த முகம் என்னும் எச்சரிக்கை மறைந்துவிட, உள்ளே கேடு வளர்கிறது. என் அத்தைக்கு நேர்ந்ததும் இதுவே.

கீரையிலும் பயறு வகைகளிலும் ஃபோலிக் அமிலத்தின் இனச்சத்து உண்டு. நெடுநேரம் வேகவைத்தால் அதில் பெரும்பகுதி அழியும். பி-12 சத்தையோ செடிகொடிகளிடம் எதிர்பார்க்க முடியாது. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில்தான் அது உண்டு. உடல் அதைச் சில ஆண்டுகளுக்குச் சேமித்து வைப்பதால், குறைவு மெல்ல மெல்லவே தலைகாட்டும். மரக்கறி உணவினர் மிகுந்த மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு போன்ற இடங்களில் இதை மறக்கலாகாது.

இதைக் கேட்டு, கருவுற்ற தாய்மார்கள் அஞ்சி மாத்திரையை நிறுத்திவிட வேண்டா. 1991இல், ஏழு நாடுகளில் நடந்த ஒரு சோதனையின் முடிவு வெளிவந்தது. முன்பு முதுகுத்தண்டுக் குறையுடன் குழந்தை பெற்ற தாய்மார்கள், மறுமுறை கருவுறுமுன்பே நாள்தோறும் 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் உட்கொண்டால், அக்குறை நூற்றுக்கு 72 பங்கு தடுக்கப்படுகிறது என்று அது காட்டியது. மற்றப் பெண்களுக்கு நாள்தோறும் 400 மைக்ரோகிராம் போதும். நம் நாட்டில் கர்ப்பிணிகளுக்கு அரசு வழங்கும் இரும்புச் சத்து மாத்திரையில் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் சேர்ந்திருக்கிறது. அதைத் தவறாமல் உட்கொள்வது தாய்க்கும் சேய்க்கும் காப்பு.

சோகையைத் தீர்க்கக் கொடுக்கும் 5 மில்லிகிராம் மாத்திரையின் செய்தி வேறு. அது அதைப்போல் பத்து மடங்கு. அதைத் தொடங்குமுன் இரத்தத்தில் பி-12 எவ்வளவு என்று பார்க்கச் சொல்லி மருத்துவரைக் கேட்க வேண்டும். எத்தனை மாதம் உட்கொள்வது என்பதையும் அவரே சொல்ல வேண்டும். வலிப்பு நோய்க்கு மருந்து உண்பவர்கள் அதை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். சில வலிப்பு மருந்துகளின் வலிமையை ஃபோலிக் அமிலம் குறைத்துவிடும். மூட்டுவாதத்திற்கு வாரம் ஒருமுறை மெதோட்ரெக்சேட் உண்பவர்கள், மருத்துவர் குறித்த நாளில் மட்டுமே ஃபோலிக் அமிலத்தை உட்கொள்ள வேண்டும். அந்த மெதோட்ரெக்சேட்டும் சுப்பாராவின் ஆராய்ச்சிக்கூடத்தில் பிறந்ததே. ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுப்பதற்கென்றே ஆக்கப்பட்டது.

பசியால் வாடிய பெண்களையும் ஸ்ப்ரூவால் வாடியவர்களையும் பிழைக்க வைத்த மருந்தை நான் குறை கூறவில்லை. இரண்டு சோகைகள் உண்டு என்பதற்கான தடயத்தை வில்ஸ் அம்மையார் 1930களிலேயே காட்டிவிட்டார். அதை அறியாமல், முகத்தின் வெளுப்பை மட்டும் பார்த்து மாத்திரை வாங்கிய கை என்னுடையது. நேயர்களே, உங்கள் வீட்டிலும் ஒருவர் முகம் வெளுத்து நிற்கக்கூடும். மருந்துக் கடைக்குப் போகுமுன் மருத்துவரிடம் போங்கள். அன்று நான் செய்யத் தவறியது அது ஒன்றே.